அலுவலகத்துக்கு எந்த டேட்டா லைன்? கணக்குப் போடுவது முதல் கையெழுத்து வரை முழுமையான வழிகாட்டி

தொழிலுக்கு லைன் எடுக்கப் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு எண். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்), 300 எம்பிபிஎஸ், 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்). அந்த எண்ணையும் மாதக் கட்டணத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பலரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அலுவலக வேலையைத் தடுமாற வைப்பவை வேறு மூன்று: அப்லோடு வேகம், தாமதம், லைன் போனால் திரும்ப வர ஆகும் நேரம். இதில் மூன்றாவதுதான் மிக முக்கியம் என்பது என் திடமான கருத்து. வேகம் போதவில்லை என்றால் வேலை மெதுவாகும். லைனே இல்லையென்றால் பில் போட முடியாது, போன் அடிக்காது, கார்டு மெஷின் வேலை செய்யாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையை மனதில் வைத்துத்தான் போகிறது.

முதல் படி: லைனில் என்னென்ன ஓடப்போகிறது?

எந்த நிறுவனத்தையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, உங்கள் லைனை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள். பில்லிங் மென்பொருள், மின்னஞ்சல், வீடியோ மீட்டிங், இணைய வழி போன், கிளவுட் பேக்கப், வெளியிலிருந்து பார்க்கும் சிசிடிவி, கிளைகளை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன், கார்டு மெஷின், ஃபேக்ஸ், திருட்டு அலாரம், லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போன். கடைசி மூன்றும் பெரும்பாலும் விட்டுப்போகும். அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று விஷயங்களைக் குறியுங்கள். இரண்டு திசையிலும் எவ்வளவு டேட்டா போகும்? கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லையா? எவ்வளவு நேரம் இது இல்லாமல் சமாளிக்கலாம்? மின்னஞ்சல் அரை நிமிடம் தாமதமானால் யாருக்கும் தெரியாது. போன் பேச்சு அரை நொடி தாமதமானாலே இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

இப்போது கணக்கு. 25 பேர் வேலை பார்க்கும் ஒரு அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஜி.711 என்ற வழக்கமான குரல் முறையில் ஒரு போன் அழைப்புக்குக் குரல் மட்டும் 64 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்). குரலைச் சிறு சிறு பாக்கெட்டுகளாகப் பிரித்து அனுப்பும்போது ஒவ்வொன்றின் மேலும் ஒட்டும் முகவரித் தகவலையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் 80 முதல் 90 கேபிபிஎஸ் ஆகும். ஒரே நேரத்தில் பத்து அழைப்பு என்றாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் முடிந்துவிடும். வீடியோ மீட்டிங்கில் ஒருவருக்கு அப்லோடு 3 எம்பிபிஎஸ் என்று எடுத்துக்கொண்டு, ஆறு பேர் ஒரே சமயத்தில் கேமராவோடு உட்கார்ந்தால் 18. நான்கு சிசிடிவி கேமரா தலா 3 எம்பிபிஎஸ் வீதம் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பினால் 12. ஆகப் பகல் நேர அப்லோடு மட்டும் 31 எம்பிபிஎஸ். லைன் எப்போதும் விளிம்பு வரை நிரம்பி ஓடக்கூடாது என்பதால் 45 முதல் 50 வரை வைத்துக்கொள்வதுதான் சரி.

இரவு பேக்கப்பைத் தனியாகப் பாருங்கள். 50 ஜிபி தரவு எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்றால் சுமார் 14 எம்பிபிஎஸ் அப்லோடு தேவை. பகல் சுமையில் பாதிகூட இல்லை, ஆனால் அது காலை வேலை தொடங்கும்போதும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் தொந்தரவு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதை இந்தக் கணக்கில் மறக்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

இந்த அலுவலகத்துக்கு 100 டவுன்லோடு, 20 அப்லோடு கொண்ட திட்டம் போதாது. 50க்கு 50 கொண்ட லைன் தாராளமாகப் போதும். விளம்பரத்தில் முதலாவதுதான் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

இரண்டாம் படி: லைன் வகைகளை அறிந்துகொள்ளுங்கள்

பழைய டெலிபோன் லைன் மனிதக் குரலுக்காகச் செய்யப்பட்டது. 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டும்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கடத்தும். டயல்-அப் மோடம் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் டேட்டாவை நுழைத்து 56 கேபிபிஎஸ் வரை தொட்டது. அதற்கு மேல் போக வழியில்லை. குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64 கேபிபிஎஸ் வரும். டிஜிட்டல் டெலிபோன் உலகம் முழுவதும் இந்த 64-இன் மடங்குகளில்தான் கட்டப்பட்டது. அதனால்தான் ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் போன் சேவையின் அடிப்படை லைனில் இரண்டு 64 சேனல் சேர்ந்து 128 கேபிபிஎஸ். பல பேச்சுகளை ஒன்றாகக் கடத்தும் இ1 லைனில் 32 இடங்கள் சேர்ந்து 2.048 எம்பிபிஎஸ், அதில் 30 பேச்சுக்கு. வட அமெரிக்காவின் டி1 லைனில் 24 சேனல், 1.544 எம்பிபிஎஸ். இன்று டேட்டாவுக்காக இவற்றைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் பழையதாக இருந்தால், அதன் பின்பக்கத்தில் ஒரு பிஆர்ஐ லைன் (இ1 அல்லது டி1 மேல் வரும் ஐஎஸ்டிஎன்) சொருகியிருக்க வாய்ப்புண்டு. அதைத் தெரியாமல் ரத்து செய்துவிட்டால் மறுநாள் காலை ஒரு போனும் அடிக்காது.

டிஎஸ்எல் அதே செப்புக் கம்பியில் குரலுக்கு மேலே உள்ள அதிர்வெண்களைப் பயன்படுத்துகிறது. இதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது கம்பியின் நீளம். டிஎஸ்எல் வகைகளில் ஏடிஎஸ்எல்2+ காகிதத்தில் 24 எம்பிபிஎஸ். எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி 3 கிலோமீட்டர் தாண்டினால் அதில் பாதிகூட வராது. விடிஎஸ்எல்2 சில நூறு மீட்டருக்குள் 100 எம்பிபிஎஸ் வரை தரும். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அதன் மேன்மை பெரும்பாலும் கரைந்துபோகும். கம்பி தெருக்களைச் சுற்றிக்கொண்டு வருவதால் வரைபடத்தில் அளக்கும் தூரத்தை நம்பக்கூடாது. ஏற்கெனவே டிஎஸ்எல் இருந்தால் மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து எஸ்என்ஆர் மார்ஜின் என்ற வரியைப் பாருங்கள். இரைச்சலைத் தாங்க லைனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அது காட்டும். சாதாரணமாக அது 6 டெசிபெல் அளவில் வைக்கப்படும். 2, 3 என்று ஊசலாடினால் லைன் அடிக்கடி அறுந்து மறுபடி இணையும். ரூட்டரை மாற்றுவதால் அது தீராது.

கோஆக்சியல் கேபிள் வழி வரும் இணைப்பில் டவுன்லோடு நன்றாக இருக்கும். அப்லோடு பெரும்பாலும் குறைவு, அக்கம்பக்கத்தாரோடு பங்கு வேறு. இரண்டாவது லைனாக வைத்துக்கொள்ளலாம்.

ஃபைபரில்தான் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபைபர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று ஜிபான். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரு இழையை, மின்சாரம் தேவைப்படாத ஸ்ப்ளிட்டர் மூலம் 32 அல்லது 64 இடங்களுக்குப் பிரிக்கிறார்கள். மொத்த இழைக்கும் சேர்த்து டவுன்லோடு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடு சுமார் 1.25 ஜிபிபிஎஸ். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காத வரை நன்றாக ஓடும், சிறிய அலுவலகத்துக்கு நல்ல தேர்வும்கூட. அடுத்த தலைமுறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் இரு திசையிலும் 10 ஜிபிபிஎஸ் தருகிறது, அதுவும் பங்குதான்.

மற்றது லீஸ்டு லைன். உங்கள் கட்டடத்திலிருந்து நிறுவனத்தின் வலையமைப்பு வரை அந்த அகலம் உங்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. அப்லோடும் டவுன்லோடும் சமம். கட்டணம் பல மடங்கு. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது வேகத்தைவிடப் பழுது நீக்கும் உத்தரவாதம்தான். லீஸ்டு லைன் என்று கேட்கும்போதும் மூன்றில் எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்: இணையத்துக்குப் போகும் லைனா, இரண்டு கிளைகளை நேராக இணைக்கும் லைனா, பல கிளைகளை ஒரே தனி வலையில் சேர்க்கும் எம்பிஎல்எஸ்ஸா? கிளைகள் எல்லாம் கிளவுட் மென்பொருளில்தான் வேலை செய்கின்றன என்றால் எம்பிஎல்எஸ்ஸுக்குச் செலவழிப்பதைவிட ஒவ்வொரு கிளைக்கும் நல்ல இணைய லைன் இரண்டு எடுத்து, மேலே விபிஎன் அல்லது பல லைன்களை மென்பொருளால் நிர்வகிக்கும் எஸ்டி-வான் போடுவது மேல்.

கம்பியில்லா வழிகளில் 4ஜி, 5ஜி இரண்டும் முதல் லைன் போனால் கைகொடுக்கும் பேக்கப் லைனாக அருமையானவை. ஆனால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் உங்களைக் கண்டுபிடிக்கும் எண்) பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், வெளியிலிருந்து உங்கள் சிசிடிவிக்கோ சர்வருக்கோ நேராக உள்ளே வர முடியாமல் போகலாம். செயற்கைக்கோளில் தூரத்தைப் பாருங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் வகை என்றால், ஒரு பாக்கெட் போய்ப் பதில் வருவதற்கே அரை நொடி. அதில் போன் பேசுவது கஷ்டம். தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மூன்றாம் படி: கட்டடத்துக்குக் கீழே இறங்கிப் பாருங்கள்

இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் “சேவை உண்டு” என்று வரும். அது தெரு வரை உண்டு என்ற அர்த்தமாகவும் இருக்கலாம். உங்கள் மாடி வரை குழாய் இருக்கிறதா, கட்டட உரிமையாளர் துளை போட அனுமதிப்பாரா, ஏற்கெனவே அந்த நிறுவனத்தின் பெட்டி கட்டடத்தில் இருக்கிறதா என்பதையெல்லாம் தரைத்தளத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். அதே கட்டடத்தில் இருக்கும் மற்ற அலுவலகங்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: கடைசியாக லைன் போனபோது எத்தனை நாளில் சரிசெய்தார்கள்? விற்பனைப் பிரதிநிதி தரும் எந்தத் தாளிலும் அந்தப் பதில் இருக்காது.

நிறுவனத்தின் தொழில்நுட்ப ஆள் நேரில் வந்து பார்த்து, எழுத்தில் கொடுத்த பிறகுதான் தேதியை நம்ப வேண்டும். தெருவைத் தோண்ட வேண்டியிருந்தால் வாரங்கள் மாதங்களாகும். அலுவலகம் மாறுவதாக இருந்தால் இடத்தின் வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

நான்காம் படி: எஸ்எல்ஏவை வரி வரியாகப் படியுங்கள்

எஸ்எல்ஏ என்பது லைன் எவ்வளவு நேரம் ஓடும், பழுதை எப்போது நீக்குவார்கள் என்று நிறுவனம் எழுத்தில் தரும் உத்தரவாதம். அதில் 99.5 சதவீதம், 99.9 சதவீதம் என்று இருக்கும். இரண்டும் கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 30 நாள் மாதத்தில் 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம் வரை லைன் இல்லாமல் இருக்கலாம், 99.9 என்றால் 43 நிமிடம். அப்புறம், எந்தக் காலத்துக்குக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். வருடக் கணக்கு என்றால் 99.9 சதவீதத்திலும் 8 மணி 45 நிமிடம் வரும். அதாவது உங்கள் மிக முக்கியமான நாளில் ஒரு முழு வேலை நேரமும் லைன் இல்லாமல் போனாலும் அவர்கள் வாக்குத் தவறியதாக ஆகாது.

அடுத்து, நேரம் பற்றிய சொற்கள். “நான்கு மணி நேரத்தில் பதில்” என்பதும் “நான்கு மணி நேரத்தில் சேவை மீட்பு” என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் யாராவது போனை எடுத்துப் புகார் எண் கொடுத்தாலே கடமை முடிந்தது. மீட்பு நேரம் எழுத்தில் வேண்டும். அந்த நான்கு மணி நேரம் 24 மணி நேரமும் ஓடுமா, அல்லது அலுவலக நேரத்தில் மட்டுமா என்பதும் வேண்டும். வெள்ளி மாலை போன லைன் திங்கள் காலைதான் கணக்கில் ஏறும் என்றால், எட்டு மணி நேர உத்தரவாதம்கூட மூன்று நாளாக நீளும்.

திட்டமிட்ட பராமரிப்பு நேரத்தைப் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்று கேளுங்கள். உத்தரவாதம் தவறினால் இழப்பீடு என்ன என்பதையும் பாருங்கள். அது பெரும்பாலும் மாதக் கட்டணத்தில் ஒரு சிறு கழிவு மட்டுமே, உங்கள் வியாபார நட்டத்துக்கு ஈடாகாது. தொடர்ந்து தவறினால் அபராதமில்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமைதான் உண்மையில் பயன்படும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: இரண்டாவது லைன், வேறு வழியாக

இரண்டு நிறுவனங்களிடம் லைன் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். இரண்டு கேபிளையும் சுவரிலிருந்து கீழே பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். இரண்டும் ஒரே குழாய்க்குள் நுழைந்து, வாசலில் இருக்கும் அதே குழிக்குள் இறங்கினால், தெருவில் ஒரே ஒரு கடப்பாரை இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். சில நேரங்களில் இரண்டாவது நிறுவனம் முதல் நிறுவனத்தின் இழையையே வாடகைக்கு எடுத்து விற்கும். எனவே எந்தப் பாதை, யாருடைய இழை என்று நேராகக் கேளுங்கள். ஒன்று நிலத்தடி ஃபைபர், மற்றது மொபைல் அல்லது ரேடியோ இணைப்பு என்று வைத்துக்கொண்டால் இந்தக் கவலை பெருமளவு தீரும். பேக்கப் லைன் முழு வேகத்தில் இருக்க வேண்டியதில்லை. போன், பில்லிங், கார்டு மெஷின் ஓடினால் போதும். அந்த நேரத்தில் சிசிடிவி அப்லோடையும் கிளவுட் பேக்கப்பையும் ரூட்டர் தானாக நிறுத்திவைக்கும்படி அமையுங்கள்.

மாற்றம் தானாக நடக்க வேண்டும். சில ரூட்டர்கள் முதல் லைனின் கேபிளைப் பிடுங்கினால் மட்டும் மாறும். கேபிள் சொருகியே இருந்து, அதற்கு அப்பால் இணையம் இல்லாமல் போனால் அவற்றுக்குத் தெரியாது. வெளியில் இருக்கும் இரண்டு மூன்று முகவரிகளைத் தொடர்ந்து பிங் செய்து (சிறு பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பார்த்து) சோதிக்கும் வசதி உள்ளதை வாங்குங்கள். லைன் மாறும்போது உங்கள் பொது ஐபி முகவரியும் மாறும் என்பதால், விபிஎன் மீண்டும் இணைகிறதா, போன்கள் மறுபடி பதிவாகின்றனவா, குறிப்பிட்ட ஐபியை மட்டும் அனுமதிக்கும் வங்கிச் சேவைகள் திறக்கின்றனவா என்று ஒரு விடுமுறை நாளில் முதல் லைனைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: பழைய போன் லைனில் தொங்கும் பொருட்கள்

செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. அதனால்தான் கரண்ட் போனாலும் பழைய போன் வேலை செய்தது. ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் பெட்டி), ரூட்டர், ஸ்விட்ச் மூன்றுக்கும் யுபிஎஸ் கொடுக்காவிட்டால் கரண்ட் போன நொடியில் போனும் போய்விடும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அதே கதைதான்.

லிஃப்ட் அவசர போன், தீயணைப்பு அலாரம், திருட்டு அலாரம் ஆகியவை அந்தப் பழைய லைனில்தான் இருக்கின்றனவா என்று அவற்றைப் பராமரிப்பவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. “பிறகு பார்க்கலாம்” என்று விடவே கூடாது. பல நாடுகளில் பழைய டெலிபோன் வலையமைப்பையே மூடி வருகிறார்கள். பிரிட்டனில் அதற்கான கெடு 2027 ஜனவரி இறுதி. ஆகவே இவற்றை மொபைல் சிம் அல்லது இணைய வழிக்கு மாற்றும் வேலையை லைன் மாற்றத்தோடு சேர்த்தே முடித்துவிடலாம். ஃபேக்ஸ் இன்னும் தேவைப்பட்டால் எஸ்ஐபி (இணைய வழி போன்) சேவை தருபவரிடம், இணையம் வழியே ஃபேக்ஸ் அனுப்பும் டி.38 முறைக்கு ஆதரவு உண்டா என்று கேளுங்கள். ஜி.729 போலக் குரலைச் சுருக்கும் முறையில் ஃபேக்ஸ் போகாது.

ஏழாம் படி: கையெழுத்துக்கு முன் சோதனை

லைன் போட்டவர் தன் போனில் வைஃபை வழியாக ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டிவிட்டு, “வேலை முடிந்தது” என்று தாளை நீட்டுவார். அவசரப்படாதீர்கள். மடிக்கணினியை ரூட்டரில் கேபிள் வழியாகச் சொருகுங்கள். ஜிகாபிட் லைனில் 94 எம்பிபிஎஸ் பக்கத்திலேயே எண் நின்றுவிட்டால் நிறுவனத்தைக் குறை சொல்வதற்கு முன் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி உடைந்தால் இணைப்பு 100க்கு இறங்கிச் சத்தமில்லாமல் ஓடும்.

அடுத்த சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை, ஆனால் இதுதான் நிறையச் சொல்லும். ஒரு ஜன்னலில் பிங் ஓடவிடுங்கள். லைன் சும்மா இருக்கும்போது 10, 12 மில்லிநொடி என்று வரும். இப்போது பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யத் தொடங்கிவிட்டு பிங்கைக் கவனியுங்கள். 20, 30க்குள் நின்றால் நல்லது. 300, 400 என்று ஏறினால், யாராவது கோப்பு அனுப்பும் ஒவ்வொரு முறையும் உங்கள் போன் பேச்சு வெட்டுப்படும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது போன் பேச்சுக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு வகுத்த வழிகாட்டி அளவு. பிங் இப்படி ஏறுவதற்குக் காரணம், பாக்கெட்டுகள் மோடத்துக்குள் வரிசையில் தேங்குவதுதான். ரூட்டரில் அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் என்று கட்டி, குரல் பாக்கெட்டுக்கு முன்னுரிமை கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது வீண் இல்லை.

பிங்கை ஒரு வாரம் பதிவு செய்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தாமதம் ஏறினால் பங்கிடும் லைனில் நெரிசல். மழை பெய்யும்போது மட்டும் பாக்கெட் தொலைந்தால் எங்கோ இணைப்புப் பெட்டியில் ஈரம். இந்தப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு புகார் செய்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

எட்டாம் படி: ஒப்பந்தமும் காகிதங்களும்

நீண்ட கால ஒப்பந்தத்துக்குக் கட்டணம் குறையும். இடம் மாறும் வாய்ப்பு இருந்தால் அந்தச் சலுகை வேண்டாம். அல்லது புதிய முகவரிக்கு லைனை மாற்றும் நிபந்தனையை முன்பே எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நடுவில் வேகத்தை உயர்த்தினால் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா, ஸ்டேடிக் ஐபி (மாறாத ஐபி முகவரி) எத்தனை, ரூட்டர் யாருக்குச் சொந்தம் என்பதையும் பாருங்கள். தொலைபேசி எண் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாக வேண்டும். முன்னாள் பங்குதாரர் அல்லது மேலாளர் பெயரில் இருக்கும் எண்ணை வேறு சேவைக்கு மாற்றுவது பெரிய அலைச்சல். புதிய லைன் சோதனையில் தேறி, எண்ணும் மாறி முடியும் வரை பழைய லைனை ரத்து செய்யாதீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு லைனின் சர்க்யூட் ஐடி (நிறுவனம் அந்த லைனுக்குத் தரும் அடையாள எண்), வாடிக்கையாளர் எண், புகார் எண், மேலிடத்துக்குப் போக வேண்டியவரின் போன் எண் இவற்றை அச்சடித்து ரூட்டர் பெட்டியின் கதவிலேயே ஒட்டுங்கள். லைன் போன நேரத்தில் மின்னஞ்சல் திறக்காது, கிளவுடில் சேமித்த கோப்பும் திறக்காது.